எதிர்நஞ்சு இல்லாத பாம்பு: சப்பிரகமுவத் தோட்டங்களும் இன்றைய நஞ்சியல் ஆய்வுகளும்

இறப்பர்த் தோட்டங்களிற் பால் வெட்டுவோர் பொழுது புலருமுன்னரே மலைக்குச் சென்றுவிடுவர். வெயில் ஏறுமுன் மரத்திலிருந்து பால் தாராளமாக வடியும் என்பது அத்தொழிலின் முதற்பாடம். கேகாலை மாவட்டத்துத் தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பகுதிகளிலும், இரத்தினபுரி மாவட்டத்து எகலியகொடை, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளிலும் இதுவே வழக்கம். ஆண்டின் தொடக்கத்தில் இறப்பர் மரங்கள் இலையுதிர்க்கும்போது அடிமரத்தைச் சுற்றிச் சருகு கணுக்கால் மறையக் குவிந்து கிடக்கும். அச்சருகின் நிறத்திலேயே, அச்சருகினுள்ளேயே, சுருண்டு கிடக்கும் சிறு பாம்பொன்று உண்டு. ஒன்றரை அடிக்கு மேல் அது வளர்வது அரிது. தலை முக்கோண வடிவானது. மூக்கு நுனி சற்றே மேல்நோக்கிப் புடைத்திருக்கும். சிங்களத்திற் 'பொலொன் தெலிஸ்ஸா' என்றும் 'குணகட்டுவா' என்றும் இதனை வழங்குவர். மேடுமூக்குக் குழிவிரியன் என நாம் இக்கட்டுரையில் இதனைக் குறிப்போம்.

தோட்டங்களில் இப்பாம்பினை எவரும் பெரிதாக மதிப்பதில்லை. நாகத்துக்கு அஞ்சுவர், கண்ணாடி விரியன் என்றாற் பதறுவர், இதனையோ கொழுந்துக் கூடையைத் தட்டிவிடுவதுபோலக் காலால் ஒதுக்கிச் செல்வாரும் உளர். ஆயினும் இலங்கையில் மனிதரை மிகுதியாகக் கடிக்கும் நச்சுப்பாம்புகளுள் இது முன்வரிசையில் நிற்பது. நமது வைத்தியசாலைகளிற் குளிரூட்டியில் வைத்துப் பேணப்படும் எதிர்நஞ்சு இப்பாம்பின் நஞ்சுக்கு எதிராக ஆக்கப்பட்டதன்று. இவ்விரு செய்திகளும் அருகருகே நிற்கும் முரண்பாடே இக்கட்டுரையின் பொருள். அம்முரண்பாடு எவ்வாறு தோன்றியது, அண்மைக்கால ஆய்வுகூட முயற்சிகள் அதனை எவ்வளவுக்கு நீக்கவல்லன என்பதை ஆராய்வாம்.

முதற்கண் பாம்பினைப் பற்றி ஒரு சொல். நெடுங்காலமாக இதன் இனங்கள் குழப்பத்துக்குரியனவாகவே இருந்தன. 2009ஆம் ஆண்டிலே கலன மதுவகே, அஞ்சன சில்வா, கெலும் மனமேந்திர ஆராச்சி, ரொஹான் பெத்தியாகொட ஆகியோர் வெளியிட்ட வகைப்பாட்டு ஆய்வு இவற்றை மூன்றினங்களாக வரையறுத்தது. ஹிப்னலே ஹிப்னலே இலங்கையிலும் இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழ்வது. ஹிப்னலே நேபா நமது மத்திய மலைநாட்டுக்கும், ஹிப்னலே சாரா ஈரவலயத்துத் தாழ்நிலங்களுக்கும் உரியன. இவ்விரண்டும் இலங்கைக்கு வெளியே இல்லை. சப்பிரகமுவ மாகாணம் தாழ்நிலமும் மலைச்சாரலும் மழைக்காடும் கலந்த நிலமாதலின் இவ்வகைப் பாம்புகளுக்கு அது தாயகம் போன்றது. தேயிலைச் செடியின் அடி, இறப்பர்ச் சருகு, லயத்தின் பின்புறத்து விறகுக் குவியல் என மனிதன் கைபடும் இடங்களெல்லாம் அதற்கும் உவந்த இடங்களாகிவிட்டன. அந்தி மயங்கியபின் இரை தேடுவது அதன் இயல்பு. ஆகவே இருளில் வெறுங்காலோடு வெளியே செல்வோரும் தப்புவதில்லை.

இதன் கடி எத்துணைக் கொடியது என்ற வினாவுக்கு விடை ஒன்றாக இல்லை. களனிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சி. ஏ. அரியரத்தினம் முதலானோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இப்பாம்பினாற் கடியுண்டமை உறுதிசெய்யப்பட்ட 302 நோயாளர் இடம்பெற்றனர். அவர்களுட் பெரும்பாலோர்க்குக் கடிவாயில் வீக்கமும் வலியும் இருந்தன; பத்தில் ஒருவர் அளவினர்க்குச் சிறுநீரகம் செயலிழந்தது; நூற்றுக்கு இருவர் அளவில் உயிரிழந்தனர். 2013இல் மதுவகே முதலானோர் 114 நோயாளரைப் பின்தொடர்ந்து எழுதிய ஆய்விலோ பெரும்பாலோர்க்குக் கடிவாய்த் துன்பமே மிகுந்திருந்தது. குருதி உறைதலிற் கண்ட கேடு மெல்லியதாகவே இருந்தது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பதே நமது கருத்து. கடிபட்டோருட் பலர் சில நாளில் எழுந்து நடப்பர். சிலர்க்கு மட்டும் நஞ்சு உள்ளே ஆழ்ந்து செல்லும். அச்சிலர் யாவர் என்பதைக் கடித்த அன்றே சொல்லவியலாமையே இதன் கொடுமை.

அச்சிலர்க்கு நேர்வது யாது? நஞ்சிலுள்ள நொதியங்கள் குருதியின் உறைபொருளைச் சிதைக்கின்றன. மிகச் சிறிய குருதிக் குழாய்களினுள்ளே நுண்ணிய கட்டிகள் தோன்றிச் சிறுநீரகத்தின் வடிகட்டும் முடிச்சுக்களை அடைக்கின்றன; அக்குழாய்களினூடே நெருங்கிச் செல்லும் செங்குருதிக் கலங்களும் உடைந்து போகின்றன. இரத்தினபுரி வைத்தியசாலையிற் பணிபுரிந்த நாமல் இரத்நாயக்க முதலானோர் இவ்வாறு சிறுநீரகம் பழுதுற்ற நோயாளரைப் பற்றி 2019இற் பதிவுசெய்துள்ளனர். இன்னொன்றும் நோக்கத்தக்கது. பாம்புக்கடியாற் சிறுநீரகம் பழுதுற்றுத் தேறியோரைக் கண்டியிற் பின்தொடர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அவர்களுள் மூன்றிலொரு பங்கினர்க்கு மேற்பட்டோர்க்கு அப்பழுது நாட்பட்ட நோயாக நிலைத்துவிட்டமை தெரியவந்தது. நாட்சம்பளத்துக்கு உழைக்கும் ஒருவர்க்கு நாட்பட்ட சிறுநீரக நோய் என்பது என்ன பொருள் தரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி எதிர்நஞ்சுக்கு வருவோம். குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சேற்றினால் அதன் உடல் அந்நஞ்சைப் பற்றிக்கொள்ளும் புரதங்களை ஆக்கும். இவை பிறபொருளெதிரிகள் எனப்படும். குதிரையின் குருதியிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்துத் தூய்மையாக்கினால் அதுவே எதிர்நஞ்சு. 1890களில் பிரெஞ்சு விஞ்ஞானி அல்பேர் கல்மெற் முதன்முதலில் இதனை மருத்துவப் பயனுக்குக் கொண்டுவந்தார். நாகத்தின் நஞ்சைக் கொண்டு தாம் ஆக்கிய சீரம் எல்லாப் பாம்புகளுக்கும் ஏற்கும் என அவர் கருதினார். அக்கருத்து நெடுநாள் நிலைக்கவில்லை. பிரேசிலைச் சேர்ந்த விட்டல் பிரசில், தமது நாட்டுப் பாம்புகளின் நஞ்சுக்குக் கல்மெற்றின் சீரம் பயன்படாது என்றும், ஒவ்வொரு வகை நஞ்சுக்கும் அதற்குரிய சீரமே வேண்டும் என்றும் காட்டினார். பிறபொருளெதிரி பூட்டுக்கேற்ற திறவுகோல் போன்றது. பூட்டு வேறானால் திறவுகோல் பயனற்றது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர்த் துணியப்பட்ட இவ்வுண்மையே இன்றும் சப்பிரகமுவத் தோட்டத்தில் வந்து நிற்கின்றது.

இலங்கை வைத்தியசாலைகள் நெடுங்காலமாக இந்தியாவிலிருந்து வரும் பல்நஞ்சு எதிர்ச்சீரத்தையே நம்பியுள்ளன. அது நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சுக்கு எதிராக ஆக்கப்படுவது. இந்நஞ்சின் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து கிடைப்பது என்பது தமிழ் வாசகர்க்குச் சுவையான செய்தியாகும். 1978இல் ரோமுலஸ் விற்றேக்கரின் முயற்சியால் மாமல்லபுரத்துக்கு அண்மையில் வடநெம்மேலியில் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், வழிவழி வந்த தம் அறிவைக் கொண்டு பாம்புகளைப் பிடித்து நஞ்செடுத்தபின் மீண்டும் காட்டில் விடுவர். அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோர்க்கு 2023இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்துச் சிறப்பித்தது. பள்ளிக்கூடம் காணாத கைகளின் திறமை ஆயிரமாயிரம் உயிர்களைக் காத்துவருவதை நன்றியோடு நினைத்தல் தகும்.

எனினும் அந்நான்கு பாம்புகளுட் குழிவிரியன் இல்லை. மறுபுறம், நான்கனுள் ஒன்றாகிய சுருட்டை விரியன் இலங்கையின் வறண்ட பகுதிகளுக்கு உரியது; சப்பிரகமுவவின் ஈரமலைகளில் அது வாழ்வதில்லை. வடிவிற் சற்றே ஒத்திருப்பதாற் குழிவிரியனைச் சுருட்டை விரியன் என்றோ, கண்ணாடி விரியன் குட்டி என்றோ தவறாகக் கொண்டு சீரம் ஏற்றிய நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளன. பயனில்லை என்பதோடு இது நின்றுவிடுமாயின் பெருங்குறையில்லை. குதிரைப் புரதத்தை மனித உடல் அந்நியமென்று எதிர்க்கும். உடல் தடித்துச் சிவப்பதும், மூச்சுத் திணறுவதும், குருதியமுக்கம் வீழ்வதும் உண்டு. 2011இல் ஆசித்த த சில்வா முதலானோர் இலங்கை வைத்தியசாலைகளில் 1,007 நோயாளரைக் கொண்டு நடத்திய பரிசோதனையில், சீரம் பெற்றோருள் நான்கில் மூவர்க்கு ஏதேனும் ஓர் எதிர்விளைவு தோன்றியது. முன்கூட்டியே சிற்றளவு அதிரினலின் கொடுத்தாற் கடுமையான விளைவுகள் கணிசமாகக் குறையும் என்பதையும் அவ்வாய்வே நிறுவியது. நாகம் கடித்தவர்க்கு இந்த ஆபத்தை ஏற்கலாம், ஏற்கவே வேண்டும். குழிவிரியன் கடித்தவர்க்கோ ஆபத்து மட்டுமே மிஞ்சும்.

நஞ்சியல் ஆய்வு நரம்பியலுக்கு அளித்த கொடையைச் சற்றே இடையிட்டுக் கூறுதல் பொருந்தும். பின்வருவதை விளங்கிக்கொள்ள அது துணைசெய்யும். 1963இல் தாய்வானைச் சேர்ந்த சாங், லீ என்போர் அந்நாட்டுக் கட்டு விரியனின் நஞ்சிலிருந்து அல்பா பங்காரோநச்சு என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்தனர். நரம்பு முனை தசைக்கு ஆணையிடும்போது அசற்றைல்கோலின் என்னும் பொருளைச் சொரிகின்றது. தசையிலுள்ள வாங்கிகள் அதனை ஏற்றுச் சுருங்கச் செய்கின்றன. மேற்கூறிய நச்சுப் புரதம் அவ்வாங்கிகளில் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டு ஆணை சென்றடையாது தடுக்கின்றது. அவ்விடாப்பிடியையே கருவியாகக் கொண்டு 1970இல் ஷான் பியர் ஷான்ஜோவும் லீயும் பிறரும் அவ்வாங்கியை மின்மீனின் உடலிலிருந்து இனங்கண்டனர். நரம்புக்கும் தசைக்கும் இடையே நடைபெறும் உரையாடலை மூலக்கூறு நிலையில் நாம் அறியவந்தது பாம்பின் புண்ணியத்தாலெனின் மிகையன்று. இன்னொருவகை நரம்பு நஞ்சு வாங்கியைத் தொடாது நரம்பு முனையையே அழிப்பது. அழிந்தபின் எவ்வளவு சீரம் ஏற்றினும் பயனில்லை. முனை மீள வளரும்வரை இயந்திரத்தாற் சுவாசம் கொடுத்துக் காத்திருத்தல் வேண்டும். இலங்கைக் கண்ணாடி விரியனாற் கடியுண்டோர்க்குக் கண்ணிமை சோர்ந்து விழுவதற்கும் இவ்வகைப் புரதமொன்றே முதற்காரணம் என்பதை அஞ்சன சில்வா முதலானோர் ஆய்வுகூடத்திற் காட்டியுள்ளனர். நரம்பு முனையை அழிக்கும் இப்புரதங்கள் பொஸ்போலிப்பேஸ் ஏ2 என்னும் நொதியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அப்பெயரை வாசகர் நினைவிற் கொள்க.

குழிவிரியனுக்குத் தீர்வு தேடிய ஆய்வுகளில் முதலாவது, உறவு முறையை நாடியது. மலாயாக் குழிவிரியன் இப்பாம்பின் நெருங்கிய உறவினம். (1963இல் பினாங்கில் அலிஸ்ரர் றீட் என்னும் மருத்துவர், மலாயாக் குழிவிரியன் கடித்தவர் குருதி பல நாள் உறையாதிருந்தும் பலர் பெருங்குருதிப்போக்கின்றி இருத்தலைக் கண்டார், குருதிக்கட்டியைத் தடுக்கும் அங்குறொட் என்னும் மருந்து அதிலிருந்தே பிறந்தது.) அவ்வுறவினத்துக்கெனத் தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தார் ஆக்கும் சீரம் நமது பாம்பின் நஞ்சையும் அடக்குமா என மலாயாப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். 2011இல் வெளிவந்த அவ்வாய்வில் அரியரத்தினமும் பங்குகொண்டார். சுண்டெலிகளில் அச்சீரம் குழிவிரியன் நஞ்சின் உயிர்கொல்லும் தன்மையையும் குருதிப்போக்கையும் தடுத்தது. இரண்டாவது வழி நேரானது: இலங்கைப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டே சீரம் ஆக்குதல். பேராதனைப் பல்கலைக்கழகத்தாரும் கொஸ்ர ரிக்காவின் குளோடொமீரோ பிக்காடோ நிறுவனத்தாரும் இணைந்து கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாகம் என்பவற்றோடு குழிவிரியன் நஞ்சையும் சேர்த்துக் குதிரைச் சீரமொன்றை உருவாக்கி, அதன் ஆய்வுகூடப் பெறுபேறுகளை 2016இல் வெளியிட்டனர். நமது தோட்டத்துப் பாம்புக்குப் பூமியின் மறுகோடியிற் குதிரை திறவுகோல் வார்த்தது என்றே சொல்ல வேண்டும். சுண்டெலியிற் கண்ட வெற்றி மனிதரிடம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பதும், சிறு நாடொன்றின் பாம்புக்கெனச் சீரம் ஆக்குவது வணிக நோக்கில் இலாபமற்றது என்பதும் இவ்விரு வழிகளிலும் நிற்கும் தடைகள்.

அண்மைக்காலத்திற் பத்திரிகைகளிற் பெரிதாக வெளிவந்த செய்திகள் வேறு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக் கார்த்திக் சுனகர் குழுவினரும் அமெரிக்க விஞ்ஞானிகளும் இணைந்து, நாகம், கட்டு விரியன் முதலியவற்றின் நரம்பு நஞ்சுகளை அடக்கும் செயற்கைப் பிறபொருளெதிரியொன்றை 2024இல் அறிவித்தனர். அதே ஆண்டு இரசாயனவியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேவிட் பேக்கரின் குழுவினர், இயற்கையில் இல்லாத புரதங்களைக் கணினியில் வடிவமைத்து அத்தகைய நஞ்சுகளைத் தடுத்தமையை 2025 சனவரியில் வெளியிட்டனர். பல்லாண்டாகத் தமக்குத் தாமே நஞ்சேற்றி வந்த அமெரிக்கர் ஒருவரின் குருதியிலிருந்து எடுத்த பிறபொருளெதிரிகளைக் கொண்டு 19 வகைப் பாம்புகளுக்கு எதிராகச் சுண்டெலிகளைக் காத்த செய்தியும் அவ்வாண்டே வந்தது. 'எல்லாப் பாம்புக்கும் ஒரே மருந்து' என்று தலைப்பிட்டு இவற்றைக் கொண்டாடுவது கல்மெற்றின் பழைய தவற்றை மீளச் செய்வதாகும். மூன்றும் நாகக் குடும்பத்துப் பாம்புகளையே நோக்கியவை. அவற்றின் சிறப்பை நாம் குறைத்துரைக்கவில்லை. விரியன் குடும்பம் அவற்றுள் அடங்காது என்பதையே சொல்கின்றோம்.

நமக்கு நம்பிக்கை தருவது வேறொரு வழி. பிறபொருளெதிரி புரதத்தின் வெளிப்புற வடிவத்தை நோக்குவது. பாம்பு மாறினால் வடிவமும் மாறும். நொதியத்தின் தொழிற்படும் குழியோ, இனம் மாறினும் பெரிதும் மாறுவதில்லை. மாறினால் நொதியம் தொழிற்படாது. அக்குழியை அடைக்கும் சிறு மூலக்கூறொன்று கிடைத்தால் எந்த நாட்டுப் பாம்பு என்ற கேள்விக்கே இடமில்லை. விரியன்களின் நஞ்சில் முதன்மையான இரு குடும்பங்கள், முற்கூறிய பொஸ்போலிப்பேஸ் ஏ2 நொதியங்களும், துத்தநாகத்தைக் கொண்டு தொழிற்படும் புரதச்சிதைப்பு நொதியங்களும் ஆகும். வறெஸ்பிளடிப் என்னும் மருந்து முன்னதன் குழியை அடைக்கும். இது மாரடைப்பு நோயாளர்க்கெனச் சோதிக்கப்பட்டு, பயனின்மையால் 2012இல் கைவிடப்பட்ட மருந்து. மறிமஸ்ரற் என்பது பின்னதன் துத்தநாகத்தைக் கவ்வும். இதுவும் புற்றுநோய்க்கென ஆராய்ந்து கைவிடப்பட்டதே. வறெஸ்பிளடிப் பற்பல பாம்புகளின் நஞ்சைத் தடுப்பதை மத்தியூ லெவின் முதலானோர் 2016இல் எடுத்துக்காட்டினர். 2020இல் லிவர்பூல் வெப்பவலய மருத்துவக் கல்லூரியினர் இரண்டையும் சேர்த்துச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து, ஆபிரிக்கா, ஆசியா, அமெரிக்கா எனப் பல கண்டத்து விரியன்களின் நஞ்சிலிருந்து அவற்றைக் காத்தனர். அவற்றுள் இலங்கை வழிவந்த கண்ணாடி விரியனும் ஒன்று. நமது குழிவிரியன் அப்பட்டியலில் இல்லை. எனினும் மேற்கூறிய இரு நொதியக் குடும்பங்களும் அதன் நஞ்சிலும் மிகுந்திருத்தலின் அதனையும் சோதித்தறிதல் வீண்முயற்சியாகாது.

இம்மருந்துகளின் மற்றொரு சிறப்பு அவை உடலிற் செல்லும் முறையில் உள்ளது. சீரத்தின் புரதத் துண்டுகள் மூலக்கூற்று நிறை ஓரிலட்சத்தை அண்டிய பெரும்பொருள்கள். நாளத்தின் வழியே மட்டுமே ஏற்றலாம். வீங்கிய பாதத்தின் இழையங்களுள் மெல்லவே ஊறிச் செல்லும். வறெஸ்பிளடிப்பின் நிறையோ நானூற்றுக்கும் குறைவு. அதன் ஒரு வடிவத்தைக் குளிசையாக விழுங்கலாம். மலைத்தோட்டத்தில் இதன் பொருள் பெரிது. சீரம் ஏற்ற வைத்தியரும் அவசர சிகிச்சை வசதியும் வேண்டும். லயத்திலிருந்து லொறியிலோ முச்சக்கர வண்டியிலோ பெரிய வைத்தியசாலைக்குச் செல்லும் மணித்தியாலங்களில் நஞ்சு தன் வேலையைச் செய்துவிடும். குளிசையாயின் தோட்ட மருந்தகத்திலேயே கொடுத்தனுப்பலாம். ஆயினும் மிகையாக நம்பவேண்டா. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பாம்புக்கடி நோயாளர்க்கு இக்குளிசையைக் கொடுத்து நடத்திய பரிசோதனையின் முடிவு 2024இல் வெளிவந்தது. முன்கூட்டி வகுத்த முதன்மை அளவுகோலில் அது வெற்றிபெறவில்லை. கடித்து ஐந்து மணித்தியாலத்துக்குள் பெற்றோரிடம் மட்டும் நன்மைக்கான அறிகுறி தென்பட்டது. அவ்வறிகுறி உண்மையெனின், அது தோட்ட மருந்தகத்துக்கே பொருத்தமான மருந்து எனலாம்; மெய்ப்பிக்க மேலும் பரிசோதனைகள் வேண்டும்.

குளிசை வரும்வரை கைவசமுள்ளவை எவை? 2012, 2013ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் 1,65,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு, இலங்கையில் ஓராண்டிற் பாம்புக்கடி 80,000ஐத் தாண்டுவதாகவும், நஞ்சேறுவோர் 30,000க்கு மேலெனவும், இறப்போர் 400க்கு மேலெனவும் மதிப்பிட்டது. இத்தொகையினரை எதிர்கொள்ளும் வைத்தியர்க்கு முதல் வினா, கடித்தது எது என்பதே. குருதியிற் பொஸ்போலிப்பேஸ் ஏ2 தொழிற்பாட்டை அளந்து நஞ்சேற்றத்தை விரைவில் அறியும் எளிய சோதனையொன்றை மதுவகேயும் அவுஸ்திரேலிய ஆய்வாளரும் 2014இல் முன்வைத்தனர். நஞ்சு ஏறியதா என்பதை அது காட்டும். பாம்பின் பெயரைச் சொல்லாது. ஆகவே கடித்த பாம்பினைக் கண்டவரின் சொல்லே இன்றும் பெரிய சான்று. பாம்பை அடித்துக் கொண்டுவர முயன்று மற்றொருவர் கடிபடுதலும் உண்டு; தொலைபேசியில் எட்ட நின்று எடுத்த படமே போதுமானது. குழிவிரியன் என்பது உறுதியானால் இந்தியச் சீரத்தை ஏற்றாது, குருதி உறைதலையும் சிறுநீரின் அளவையும் சில நாள் தொடர்ந்து பார்த்தல் வேண்டும். கால் வீக்கம் வற்றியதும் பெயர் வெட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பிய ஒருவர், சிறுநீர் குறைந்து முகம் வீங்கி மீண்டும் வருவாராயின், முதல் வாரத்திற் செய்திருக்க வேண்டிய சிறுநீர்ச் சோதனையே அவர் தவறவிட்டது. அதற்கு வேண்டியது தோட்ட மருந்தகத்தில் ஒரு போத்தலும், நாட்சம்பளம் வெட்டாத மூன்று நாள் விடுப்புமே.